கலாத்தே கப்பலுக்குப் போன 104 கடிதங்கள்

1758 ஜனவரி 27. பிரான்சின் நார்மண்டிப் பகுதியைச் சேர்ந்த மார்கெரித் என்ற 61 வயதுப் பெண்மணி, கலாத்தே கப்பலில் மாலுமியாக இருக்கும் மகன் நிக்கோலா கெனெலுக்குக் கடிதம் போடுகிறார். கடிதத்தின் சாரம் ஒரு புகார். வருடப் பிறப்பன்று நீ கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணுக்குக் கடிதம் எழுதியிருக்கிறாய். நீ என்னை நினைப்பதைவிட நான்தான் உன்னை அதிகம் நினைக்கிறேன். சரி, எப்படியோ, புத்தாண்டு வாழ்த்து, ஆண்டவன் ஆசீர்வாதம் உண்டாகட்டும். நான் குழிக்குப் போகிற காலம் வந்துவிட்டது போலிருக்கிறது, மூன்று வாரமாக உடம்பு சரியில்லை. வரேனை விசாரித்ததாகச் சொல். உன்னைப் பற்றி எனக்குத் தகவல் சொல்வது அவன் மனைவி ஒருத்திதான்.

இந்தக் கடிதம் நிக்கோலாவின் கைக்குப் போய்ச் சேரவில்லை. லண்டனில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில், மற்ற 103 கடிதங்களோடு சேர்ந்து, வெள்ளை நாடாவில் கட்டிய மூன்று சிறு கட்டுகளில் கிடந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியர் ரெனோ மொரியு ஏதோ ஆர்வத்தில் அந்தப் பெட்டியைக் கேட்டு வாங்கிப் பார்த்திருக்கிறார். உள்ளே மெழுகு முத்திரை பிரிக்காத சின்னச் சின்னப் பொட்டலங்கள். திறக்கலாமா என்று காப்பக அலுவலரைக் கேட்டார், சம்மதித்தார்கள். ஆய்வுக் கட்டுரை 2023 நவம்பரில் வெளிவந்தது.

இரண்டரை நூற்றாண்டுக்குப் பிறகு திறக்கப்பட்ட காதல் கடிதங்கள் என்றுதான் அப்போது உலகம் முழுக்கச் செய்தி போனது. காதல் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கடிதக் கட்டை உட்கார்ந்து பார்த்தால் அதைவிட அதிகமாகக் கண்ணில் படுவது விசாரிப்பு. யார் யாரைக் கேட்டார்கள், யார் சேதியை யார் கொண்டுவந்தார்கள், யாருக்கு எழுதி யாருக்கு எழுதாமல் விட்டான் என்ற கணக்குதான் எங்கும். இந்தக் கடிதங்களை ஒருவர் இன்னொருவருக்கு எழுதியவை என்று படித்தால் பாதிதான் பிடிபடும்.

கப்பல் மாட்டிய கதை

கலாத்தே ஒரு பிரெஞ்சுப் போர்க்கப்பல். ஏழாண்டுப் போர் (1756–1763) நடந்துகொண்டிருந்த சமயம். போர்தோ துறைமுகத்திலிருந்து கனடாவின் கியூபெக் நோக்கிப் போகும் வழியில், 1758இல், எஸ்ஸெக்ஸ் என்ற ஆங்கிலேயக் கப்பல் அதைப் பிடித்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோனது. நமக்குப் பள்ளிப் பாடத்தில் வந்த போர்தான் இது. அதே 1758இல்தான் பிரெஞ்சுத் தளபதி லாலி புதுச்சேரியில் வந்து இறங்கினார். 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போனது.

பிரெஞ்சுக்காரர்களிடம் நல்ல கப்பல்கள் இருந்தன, கைதேர்ந்த மாலுமிகள்தான் குறைவு. ஆங்கிலேயர்கள் அந்த இடத்தில் அடித்தார்கள். அகப்பட்ட மாலுமிகளைச் சீக்கிரம் விடுவிக்காமல் சிறையில் வைத்துக்கொண்டார்கள். 1758இல் பிரான்சில் இருந்த மாலுமிகள் 60,137 பேர். அவர்களில் 19,632 பேர் பிரிட்டனில் கைதிகள், அதாவது மூன்றில் ஒருவர். போர் முடிவதற்குள் மொத்தம் 64,373 பேர் பிடிபட்டுச் சிறைக்குப் போனார்கள். நோயிலும் பட்டினியிலும் செத்தவர்கள் உண்டு. பெரும்பாலோர் ஒருநாள் வீடு திரும்பினார்கள். அதுவரை வீட்டில் இருப்பவர்களுக்குக் கடிதத்தை விட்டால் வேறு வழி கிடையாது.

கடிதங்கள் தவறிய வழி எளிமையானது. கப்பல் எந்தத் துறைமுகத்தில் நிற்கிறது என்பது வீட்டாருக்கும் தெரியாது, தபால்காரர்களுக்கும் தெரியாது. பிரெஞ்சுத் தபால் துறை ஒவ்வொரு துறைமுகமாக இந்தக் கடிதங்களை அனுப்பிப் பார்த்தது. கடிதம் போய்ச் சேரும்போது கப்பல் கிளம்பிப் போயிருக்கும். கடைசியில் கப்பல் ஆங்கிலேயரிடம் சிக்கிவிட்டது என்று தெரிந்ததும், எதிரி நாடாக இருந்தாலும் பரவாயில்லை என்று இங்கிலாந்துக்கே அனுப்பிவிட்டார்கள். அந்தத் தபால்காரர்களைப் பாராட்ட வேண்டும். லண்டனில் கடற்படை அலுவலகத்தில் யாரோ இரண்டு கடிதங்களை மட்டும் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள் போலிருக்கிறது. ராணுவ ரகசியம் ஒன்றும் இல்லை, வெறும் வீட்டு விஷயம் என்று கண்டதும் கட்டி உள்ளே போட்டுவிட்டார்கள். கைதிகள் அதே நாட்டில்தான் இருந்தார்கள். கொடுத்திருக்கலாம், கொடுக்கவில்லை.

வேண்டாம் என்று ஒதுக்கியதால்தான் இவை தப்பின. ஒழுங்காகப் போய்ச் சேர்ந்த கடிதம் கையில் மடங்கி, பையில் நைந்து, அடுப்பெரிக்கப் போய் அழிந்துவிடும். நிக்கோலா எழுதிய கடிதங்களுக்கும் அதே கதிதான். அவை வீட்டுக்கு ஒழுங்காக வந்தன, அதனால் இன்றைக்கு இல்லை. ஆக நம் கையில் இருப்பது ஒரு பக்கத்துப் பேச்சு மட்டும். மகன் என்ன சொன்னான் என்பதை அம்மாவின் கோபத்திலிருந்து ஊகிக்க வேண்டியிருக்கிறது.

ஒரு வீட்டுச் சண்டை

மார்கெரித்தின் கடிதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். அவருக்கு எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வாய்ப்பே குறைவு என்கிறார் மொரியு. அவர் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதியிருக்கிறார். காசு வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுக்கும் தொழில்முறை ஆள் அல்ல, எழுதத் தெரிந்த அக்கம்பக்கத்து ஆள். கட்டில் உள்ள பெரும்பாலான கடிதங்கள் இப்படிப் பிறந்தவைதான். மறுமுனையிலும் அதே நிலை: படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிக்க, பெறுபவர் கேட்பார்.

இதை மனதில் வைத்துக்கொண்டு கடிதத்தைத் திரும்பப் பாருங்கள். ‘நான் குழிக்குப் போகிறேன்’ என்பதை ஒரு தாய் தனியாக உட்கார்ந்து எழுதவில்லை. எழுதுகிறவர் எதிரில் இருக்கிறார். வீட்டில் வேறு யாரும் கேட்டுக்கொண்டிருக்கலாம். கப்பலில் அதை நிக்கோலா தனியாகப் படிக்கப்போவதும் இல்லை. கூட வேலை செய்கிறவர்கள் நடுவில் ஒருவர் படிக்க, இவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்க வேண்டும். ‘வரேனை விசாரித்ததாகச் சொல்’ என்று கடைசியில் வருவதைச் சும்மா மரியாதை என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. வரேன் என்பவர் அதே கப்பலில் இருப்பவர். அவர் தன் மனைவிக்கு ஒழுங்காகக் கடிதம் போடுகிறார், அதில் நிக்கோலாவைப் பற்றியும் இரண்டு வரி சேர்க்கிறார் என்றுதான் தோன்றுகிறது. அந்த மனைவி வந்து மார்கெரித்திடம் சொல்கிறார். பெற்ற மகன் உயிரோடு இருக்கிறானா என்பதை அடுத்த வீட்டுப் பெண் வந்து சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறதே என்ற ஆத்திரம் அந்த ஒரு வரியில் மொத்தமாக இறங்கியிருக்கிறது. அதுவும் வரேன் பக்கத்திலேயே நின்று கேட்கும்படி.

நிக்கோலா கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணான மரியானுக்கு வருடப் பிறப்பன்று கடிதம் எழுதியது மார்கெரித்துக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், அதற்கும் இதுவே பதில். கடிதம் ரகசியப் பொருள் அல்ல. மாலுமிகள் வீட்டுப் பெண்கள் நாள் முழுக்க அடுத்த கடிதத்துக்குக் காத்திருக்கும்போது, ஒரு வீட்டுக்கு வந்தது மற்ற வீட்டுக்குத் தெரியாமல் இருக்காது.

அந்த மரியானின் நிலைமைதான் பரிதாபம். மகன் எழுதாததற்கு மாமியாராக வரப்போகிறவர் இவர்மேல் பழி போடுகிறார். சில வாரம் கழித்து மரியான் நிக்கோலாவுக்கு எழுதுகிறார்: அம்மாவுக்குக் கடிதம் போடுங்கள், நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளுங்கள், என்னை இந்தத் தர்மசங்கடத்தில் விடாதீர்கள் என்ற தொனியில். அப்புறம் ஒரு சேதி: கருமேகம் விலகிவிட்டது, உங்கள் கடிதம் அம்மாவுக்கு வந்தது, வீட்டில் இறுக்கம் தளர்ந்தது. இந்த ‘கருமேகம்’ மழைக்கு முந்திய வானத்தைப் பார்த்துச் சொன்னது அல்ல, மாமியார் முகத்தைப் பார்த்துச் சொன்னது.

தளர்ந்த இறுக்கம் நெடுநாள் நிற்கவில்லை. மார்ச் 7ஆம் தேதி மார்கெரித் மறுபடி எழுதுகிறார். இந்த முறை புகார் வேறு. உன் கடிதங்களில் உன் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை, எனக்கு அது மிகவும் வருத்தமாக இருக்கிறது, அடுத்த தடவை எழுதும்போது அப்பாவை மறந்துவிடாதே. நிக்கோலாவின் சொந்த அப்பா இறந்துவிட்டார். அம்மா மறுமணம் செய்துகொண்டவர். இங்கே ‘அப்பா’ என்று சொல்லப்படுபவர் அம்மாவின் இரண்டாவது கணவர். அன்றைய பிரெஞ்சு வழக்கப்படி தாய் மறுமணம் செய்தால் வந்தவர் தானாகவே அப்பா ஆகிவிடுவார். மகன் அதை ஏற்றுக்கொள்ளவில்லை என்று தெரிகிறது. அம்மா அதை வெளியே சொல்லவில்லை. ‘உன் அப்பா’ என்ற உறவுமுறையை மட்டும் திரும்பத் திரும்ப வைக்கிறார்.

இந்தச் சண்டை மொத்தமும் விசாரிப்பு வரிகளைச் சுற்றித்தான் நடக்கிறது. யாரை விசாரித்தான், யாரை விட்டுவிட்டான். பழைய கடிதங்களைப் பதிப்பிக்கிறவர்களுக்கு ‘இன்னாரைக் கேட்டதாகச் சொல்லவும்’ என்ற பட்டியல்களை வெட்டிவிடும் பழக்கம் உண்டு, படிக்கச் சலிப்பாக இருக்கும் என்று. இந்தக் கட்டைப் பார்த்தபின் அந்தப் பழக்கத்தோடு எனக்குச் சண்டைதான். வெட்டிப்போட்ட பகுதியில்தான் குடும்பம் இருக்கிறது.

நடுநிசியில் எழுதியவர்

எல்லாரும் ஆள் வைத்து எழுதினார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. கப்பலின் முதல் லெப்டினன்ட் லூயி ஷாம்ப்ரெலானுக்கு அவர் மனைவி மரி துபோஸ்க் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. உங்களுக்கு எழுதிக்கொண்டே ராத்திரி முழுவதும் கழித்துவிடுவேன், என்றைக்கும் நான் உங்கள் உண்மையான மனைவி, நடுநிசி ஆகிவிட்டது, ஓய்வெடுக்கும் நேரம் வந்துவிட்டதென்று நினைக்கிறேன் என்று முடிகிறது. அந்த நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு எழுதச் சொல்ல முடியாது. அவரே எழுதியிருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. அதிகாரியின் மனைவி, எழுத்தறிவு, காகிதம், ராத்திரி விளக்கு மூன்றுக்கும் வசதி இருந்திருக்கும். தனிமையில் எழுதிய காதல் கடிதம் என்பதே அன்று வசதி படைத்தவர் சமாசாரம்.

ழான் தொப்சான் என்ற கீழ்நிலை அதிகாரியின் மனைவி ஆன் லெ செர்ஃப், உங்களை அடையும்வரை பொறுக்க முடியவில்லை என்று எழுதி, ‘உங்கள் கீழ்ப்படிதலுள்ள மனைவி நானெத்’ என்று செல்லப்பெயரில் கையெழுத்திட்டிருக்கிறார். ழான் இங்கிலாந்தில் எங்கோ சிறையில் அடைபட்டார், இந்தக் கடிதம் அவர் கைக்குப் போகவே இல்லை.

கடிதங்களில் 59 சதவீதம் பெண்கள் கையெழுத்திட்டவை. பெண்களின் குரல் என்று இதைக் கொண்டாடினார்கள். கொண்டாடலாம், ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முழுக்க ஆண்கள் இருக்கும் கப்பலுக்கு வரும் தபாலில் மனைவியும் தாயும் சகோதரியும்தான் அதிகம் எழுதுவார்கள். எனக்கு அதைவிட வியப்பு தருவது மீதி 41 சதவீதம். அப்பா, அண்ணன் தம்பி, நண்பர்கள் என்று ஆண்களும் இந்த நலம் விசாரிக்கும் வேலையில் கணிசமாக இருந்திருக்கிறார்கள். கணவன் இல்லாத வீட்டில் வரவு செலவு முதல் எல்லா முடிவையும் பெண்கள் எடுத்தார்கள் என்று மொரியு சொல்வது சரி. ஆனால் அதற்குச் சான்று சதவீதத்தில் இல்லை, கடிதங்களின் உள்ளே இருக்கிறது.

தபால் நிச்சயமில்லை என்று தெரிந்த குடும்பங்கள் இரண்டு உபாயம் செய்தன. ஒரே கடிதத்துக்குப் பல பிரதி எழுதி வெவ்வேறு துறைமுகத்துக்கு அனுப்புவது ஒன்று. கூடப் பணிபுரிகிறவரின் வீட்டார் எழுதும் கடிதத்தில் நம் சேதியையும் நுழைப்பது இன்னொன்று. வரேன் குடும்பம் மார்கெரித்துக்கு அப்படித்தான் உதவியது. ஒரு கடிதம் தவறினாலும் இன்னொருவர் கடிதத்தின் ஓரத்தில் சேதி போய்விடும். காகிதம் விலை அதிகம், அதனால் ஓரம் கீரம் எதுவும் மிச்சமில்லாமல் நெருக்கி எழுதியிருக்கிறார்கள். நிறுத்தக்குறி கிடையாது, எழுத்துக்கூட்டல் காதில் விழுந்தபடி. படித்து முடிக்க மொரியுவுக்கு ஐந்து மாதம் பிடித்தது. கப்பலில் இருந்த 181 பேரையும் அடையாளம் கண்டு, அவர்களுடைய குடும்ப விவரங்களையும் தேடியிருக்கிறார். கடிதம் வந்தது அவர்களில் கால்வாசிப் பேருக்கு. மீதிப் பேருக்கு யாரும் எழுதவில்லை என்று இதிலிருந்து முடிவுகட்டக் கூடாது. அவர்கள் கடிதம் வேளைக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம், இன்னொருவர் கடிதத்துக்குள்ளேயும் இருந்திருக்கலாம்.

இதே மாதிரி வேறு பெட்டிகள்

போய்ச் சேராத கடிதம் என்பது தனி வகை ஆவணம். இதற்கு இன்னொரு பெரிய உதாரணம் நெதர்லாந்தின் ஹேக் நகரத்துத் தபால் பெட்டி. அங்கே தபால் அதிகாரியாக இருந்த சிமோன் தெ பிரியன், 1689 முதல் 1706 வரை பட்டுவாடா ஆகாத சுமார் 2,600 கடிதங்களை ஒரு பெட்டியில் போட்டு வைத்திருந்தார். அன்று தபால் செலவு பெறுகிறவர் தலையில். ஆள் இறந்துபோனாலோ ஊரை விட்டுப் போனாலோ வாங்க மறுத்தாலோ கடிதம் தங்கிவிடும். என்றைக்காவது வந்து காசு கொடுத்து வாங்கிக்கொள்வார்கள் என்று சேர்த்து வைத்தார். 1926இல் அது அருங்காட்சியகத்துக்கு வந்தது. சுமார் 600 கடிதங்கள் இன்னும் பிரிக்கப்படாதவை. தனியாக உறை கிடையாது. காகிதத்தையே பலவிதமாக மடித்துப் பூட்டு மாதிரி ஆக்கிவிடுவார்கள். பிரித்தால் அந்த மடிப்பு போய்விடும். அதனால் எக்ஸ்ரே ஸ்கேன் எடுத்து, கணினியிலேயே மடிப்பைப் பிரித்துப் படிக்கும் முறையை 2021இல் வெளியிட்டார்கள். அப்படிப் படித்த ஒரு கடிதம் 1697இல் எழுதியது. உறவினர் ஒருவரின் இறப்புச் சான்றிதழின் நகலைக் கேட்டு இன்னொரு உறவினருக்குப் போட்டது. இவ்வளவு தொழில்நுட்பமும் போட்டு எடுத்தால் உள்ளே இருப்பது ஒரு சான்றிதழ் நகல் விவகாரம்! எனக்கு அது ஏமாற்றமாகவே இல்லை. அன்றாடம் என்றால் அதுதான்.

முதல் உலகப் போரில் பிரான்சில் சண்டையிட்ட இந்தியச் சிப்பாய்களின் கடிதங்கள் இதற்கு நேர் எதிர். அங்கே மூலக் கடிதம் போய்ச் சேர்ந்தது, காணாமலும் போனது. தணிக்கை அதிகாரிகள் ஆங்கிலத்தில் பெயர்த்து வைத்த பகுதிகள்தான் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. தணிக்கை இருக்கிறது என்று சிப்பாய்களுக்கும் தெரியும். அதனால் கறுப்பு மிளகு தீர்ந்துகொண்டிருக்கிறது, இப்போது சிவப்பு மிளகு இறங்குகிறது என்கிற மாதிரி எழுதினார்கள். கறுப்பு என்றால் இந்தியச் சிப்பாய், சிவப்பு என்றால் வெள்ளையர் படை. அதிகாரிகள் அதையும் கண்டுபிடித்துக் குறித்து வைத்தார்கள். அந்தக் கடிதங்களைப் படிக்கிறவர் சிப்பாய்க்கும் தமக்கும் நடுவில் எழுதிக் கொடுத்தவர், தணிக்கைக்காரர், மொழிபெயர்த்தவர் என்று எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணிக்கொள்ள வேண்டும். கலாத்தே கடிதங்களில் நடுவில் நிற்பது எழுதிக் கொடுத்தவர் ஒருவர்தான்.

நாட்குறிப்பு வேறு ஜாதி. கலாத்தே பிடிபட்ட நாட்களில் புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பை எழுதிக்கொண்டிருந்தார். 1736 செப்டம்பர் 6இல் தொடங்கியது. அவர் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேவின் துபாஷியாக இருந்த பெரிய மனிதர். அவர் எழுதியதை வீட்டார் காப்பாற்றினார்கள், 1846இல் அது ஆய்வாளர் கண்ணில் பட்டது. மார்கெரித் மாதிரி ஆட்கள் நாட்குறிப்பு எழுதுவதில்லை. அவர்கள் குரல் கேட்க வேண்டுமென்றால் எங்காவது தபால் தவற வேண்டியிருக்கிறது. முகம் பார்ப்பதற்கும் வழியில்லை. புகைப்படம் பொதுவுக்கு வந்ததே 1839இல்தான்.

அப்புறம் என்ன ஆனார்கள்

மரி துபோஸ்க் கணவரைத் திரும்பப் பார்க்கவில்லை. எழுதிய மறு வருடமே லெ ஆவ்ர் நகரத்தில் இறந்துபோனார், அநேகமாகக் கணவர் விடுதலை ஆவதற்கு முன்பே. லூயி ஷாம்ப்ரெலான் பிரான்சுக்குத் திரும்பி 1761இல் வேறு மணம் செய்துகொண்டார். கடிதத்தை மட்டும் வைத்துப் படிக்கிறவர்கள் நடுநிசியோடு நின்றுவிடுவார்கள். ஊர்ப் பதிவேடுகளைத் தேடியதால்தான் இந்த இரண்டும் தெரிந்தன.

நிக்கோலா சிறையில் சாகவில்லை, உயிரோடு வெளியே வந்தார். அம்மாவுக்கு எழுத மறக்கிற, மாற்றாந்தந்தையை விசாரிக்க மனமில்லாத பையன் என்று கட்டைப் படிக்கிற எவருக்கும் அவர்மேல் கொஞ்சம் பிரியம் வந்துவிடும். எனக்கும் வந்தது. அவர் பெயரைப் பின்தொடர்ந்து போன மொரியு 1760களில் அதை மறுபடி கண்டுபிடித்தார்: அட்லாண்டிக் பெருங்கடலில் அடிமை வியாபாரம் செய்த ஒரு கப்பலின் பணியாளர்களில் ஒருவராக.